யாரும் வராத பாதையில் வைத்த உணவு: ராஸ் கடல் குழு, 1914–1917

தென்துருவப் பயணங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஷேக்கிள்டனின் பெயர் வராமல் போகாது. 1914இல் அவர் புறப்பட்டதும், என்டியூரன்ஸ் கப்பல் பனியில் சிக்கி நொறுங்கியதும், அதிலிருந்த 28 பேரும் உயிரோடு திரும்பியதும் பலருக்குத் தெரியும். ஆனால் அது ஒரு கப்பலின் கணக்கு மட்டும்தான். அதே பயணத்துக்காக இன்னொரு கப்பல் அன்டார்டிகாவின் எதிர்ப்பக்கத்துக்குப் போனது. அதிலிருந்து இறங்கிய 10 பேர் கரையில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் 3 பேர் இறந்தார்கள். தங்களுக்குக் கொடுத்த வேலையை அவர்கள் முழுமையாக முடித்தார்கள். அந்த வேலையால் யாருக்கும் பயன் இல்லாமல் போனது.

ஆதரவுக் குழு ஒன்றை எப்படித் திட்டமிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வைத் துருவ வரலாற்றில் நான் படித்ததில்லை. கரைக்குழுவினரின் பெயர்கள் பதிவில் இருப்பவைதான். இருந்தாலும் எடுத்த முடிவுகளை எடைபோடுவதே இங்கே நோக்கம் என்பதால், அவர்களைப் பொறுப்பை வைத்தே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

ஷேக்கிள்டன் வெட்டல் கடல் பக்கம் இறங்கி, துருவத்தின் வழியாக அன்டார்டிகாவைக் குறுக்கே கடந்து, ராஸ் கடலுக்கு வந்து சேர வேண்டும் என்பது திட்டம். தூரம் சுமார் 2,900 கி.மீ. அவ்வளவு தூரத்துக்கு வேண்டிய உணவையும் எரிபொருளையும் ஆறு பேர் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்து வர முடியாது. அதனால் பாதயாத்திரைக்காரர்களுக்கு வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவது போல, கடைசிப் பகுதியில் அவருக்காகக் கிடங்குகள் வைக்க ஒரு குழு தேவைப்பட்டது. ராஸ் தீவில் தொடங்கி, ராஸ் பனித்தட்டின் மேல் தெற்கே நடந்து, பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரத்தில் உள்ள மவுண்ட் ஹோப் வரை அவர்கள் போக வேண்டும். போக மட்டும் 600 கி.மீ.க்கு மேல். அந்தக் கிடங்குகள் இல்லாவிட்டால் கடந்து வருகிற ஆறு பேரும் பட்டினியில் சாவார்கள் என்று ராஸ் கடல் குழுவில் ஒவ்வொருவரும் நம்பினார்கள். பின்னால் அவர்கள் எடுத்த எல்லா முடிவுகளுக்கும் இந்த நம்பிக்கைதான் அடிப்படை.

ஆனால் இவ்வளவு முக்கியமான குழுவுக்குப் பணம் ஒதுக்குவதில் அந்த முக்கியத்துவம் தெரியவில்லை. ஆஸ்திரேலியத் துருவப் பயணி மாசனிடமிருந்து 3,200 பவுண்டுக்கு வாங்கிய பழைய கப்பல் அரோரா, சிட்னியில் பழுதுபார்க்க வேண்டிய நிலையில் இருந்தது. அதற்கென்று சொல்லியிருந்த 2,000 பவுண்டை ஷேக்கிள்டன் 1,000 ஆகக் குறைத்தார். மீதியை நன்கொடையாகக் கேட்டும் கப்பலையே அடமானம் வைத்தும் சமாளிக்கும்படி குழுத்தலைவருக்குத் தகவல் போனது. ஒரு துருவப் பயணத்தின் தலைவர் புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் ஊர் ஊராகக் கையேந்திக்கொண்டிருந்தார். ஆட்களிலும் இதே நிலைதான். தலைவர் ஏற்கெனவே அன்டார்டிகாவுக்குப் போய் அங்கே ஒரு கண்ணை இழந்தவர். நாய்களுக்குப் பொறுப்பானவர் அதற்கு முன் இரண்டு பயணங்களில் இருந்த கடற்படை மாலுமி. மற்றவர்களில் பெரும்பாலோர் பனியைப் பார்த்தே பழகாதவர்கள். ஒருவர் பாதிரியார், புகைப்படப் பொறுப்பும் அவருக்கே. இன்னொருவர் ஆஸ்திரேலியாவில் சேர்ந்த இளம் இயற்பியலாளர்.

முதல் பருவம்: வந்து சேராத ஒரு செய்தி

1914 டிசம்பர் 24 அன்று அரோரா ஹோபார்ட்டை விட்டுப் புறப்பட்டது. முதல் பருவத்திலேயே, அதாவது 1915 தொடக்கத்திலேயே, கண்டத்தைக் கடந்து வந்துவிடக்கூடும் என்று ஷேக்கிள்டன் தலைவரிடம் சொல்லியிருந்தார். ஆனால் டிசம்பர் 5 அன்று தெற்கு ஜார்ஜியாவை விட்டுக் கிளம்பும்போதே அந்தப் பருவத்தில் அது நடக்காது என்பது ஷேக்கிள்டனுக்குப் புரிந்திருந்தது. அந்த மாற்றத்தை ராஸ் கடல் குழுவுக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

தலைவரின் நிலையில் நின்று பார்த்தால் அவருக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. எந்த நாளும் ஆறு பேர் பசியோடு தெற்கிலிருந்து வரலாம். ஆகவே தெற்கு அட்சரேகை 79, 80 பாகைகளில் உடனே கிடங்கு வைத்தாக வேண்டும். கப்பலில் அடைந்து கிடந்து வந்த நாய்களுக்குப் பழக்கம் கொடுக்க நேரமில்லை. இவ்வளவு சீக்கிரம் நாய்களை அவ்வளவு தூரம் ஓட்டினால் தாங்காது என்று நாய்ப் பொறுப்பாளர் எதிர்த்தார். தலைவர் கேட்கவில்லை. ஜனவரி 24 அன்று கிளம்பினார்கள், பிப்ரவரி 20 அன்று 80ஆம் பாகையை எட்டினார்கள். வைக்க நினைத்ததில் ஒரு சிறு பங்கைத்தான் அங்கே வைக்க முடிந்தது. திரும்பும் வழியில் கடும் குளிரும் அரைவயிற்று உணவுமாக, அவர்களோடு போன நாய்கள் ஒவ்வொன்றாக விழுந்து எல்லாமே செத்தன. மனிதர்களுக்கும் விரல், கன்னம், பாதம் என்று உறைபனிக் காயங்கள். மார்ச் கடைசியில் ஹட் பாயின்டில் இருந்த பழைய குடிசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கிருந்து முகாம் இருந்த கேப் ஈவான்ஸ் சுமார் 20 கி.மீ.தான். நடுவில் கடல். அது உறையும் வரை ஆறு பேர் சீல் கொழுப்பை எரித்துக்கொண்டு, அந்தப் புகையில் முகமெல்லாம் கரியாகி, ஜூன் 2 வரை காத்திருந்தார்கள்.

கப்பல் போன இரவு

கேப் ஈவான்ஸுக்கும் ஹட் பாயின்டுக்கும் நடுவே கடலுக்குள் நீண்டிருக்கும் பனியாற்று நுனியான பனிநாக்குக்குத் தெற்கே கப்பலை நிறுத்தக் கூடாது என்பது ஷேக்கிள்டனின் உத்தரவு. அதற்குக் காரணமும் இருந்தது. முந்தைய பயணம் ஒன்றில் டிஸ்கவரி கப்பல் ஹட் பாயின்டில் உறைந்து இரண்டு ஆண்டுகள் வெளியே வர முடியாமல் நின்றது. அதனால் அரோராவைக் காற்றுக்கு மறைப்பே இல்லாத கேப் ஈவான்ஸில், கரையில் புதைத்த நங்கூரங்களோடு இரும்பு வடங்களாலும் சங்கிலியாலும் கட்டி நிறுத்தினார்கள். 1915 மே 6 இரவு அடித்த புயலில் வடங்கள் அறுந்தன. கப்பலைச் சூழ்ந்திருந்த பனியோடு சேர்த்துக் காற்று அதைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. கரையில் அப்போது இருந்தவர்கள் 4 பேர். விடிந்து பார்த்தபோது அவர்கள் கண்ணில் பட்டது நங்கூரங்களும் அறுந்த வடத் துண்டுகளும் மட்டும்.

இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது அடுத்து வரும் தகவல். ஷேக்கிள்டனின் கிடங்குகளுக்கான பயண உணவு கரைக்கு வந்திருந்தது. கரைக்குழுவுக்கான துணிமணி, உணவு, எரிபொருள், கருவிகள் ஆகியவற்றில் பெரும்பகுதி கப்பலிலேயே தங்கிவிட்டது. கப்பல் குளிர்காலம் முழுக்கப் பக்கத்தில்தானே நிற்கப்போகிறது, அவசரமில்லை என்று விட்டிருந்தார்கள். ஆக, வராத ஆறு பேருக்குச் சாப்பாடு இருந்தது. இருந்த பத்துப் பேருக்கு உடுத்தியிருந்த துணிதான் மிச்சம்.

கப்பல் பனியில் சிக்கிப் பல மாதம் மிதந்து, சுக்கான் உடைந்து, 1916 ஏப்ரல் 3 அன்றுதான் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்துக்கு வந்தது. கரையில் இருந்தவர்களுக்கு அது மூழ்கியதா தப்பியதா என்று தெரிய வழியில்லை.

கையில் இருந்ததை வைத்து

கேப் ஈவான்ஸ் குடிசை, சில ஆண்டுகளுக்கு முன் தென்துருவம் போன ஸ்காட்டின் குழு விட்டுப்போனது. அங்கே மிஞ்சிக் கிடந்த உணவு, பழைய பிரைமஸ் ஸ்டவ், கிழிந்த கூடாரத் துணி எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார்கள். அந்தக் கித்தானை வெட்டி நாய்ப் பொறுப்பாளர் கால்சட்டையும் மேல்சட்டையும் தைத்தார். புகையிலை இல்லாததால் பண்டகப் பொறுப்பாளர் தேயிலை, காப்பித்தூள், மரத்தூள், காய்ந்த மூலிகை எல்லாம் கலந்து ஒரு புகைத்தூள் செய்தார். அதற்கு ஹட் பாயின்ட் கலவை என்று பெயரும் வைத்தார்கள். விளக்குக்கும் அடுப்புக்கும் சீல் கொழுப்பு, சாப்பிட சீல் இறைச்சி. உடம்பு தேறியதற்கு முக்கியக் காரணம் அந்தப் புதிய இறைச்சிதான். வைட்டமின் சி என்ற பெயரே அப்போது கிடையாது. ஆனாலும் புதிய இறைச்சி தின்றால் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வராது என்பது துருவம் போனவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

அடுத்த கோடையில் கிடங்கு வைக்கப் போவதா, கரையிலேயே உயிரைக் காத்துக்கொண்டு இருப்பதா? போவது என்று முடிவானது. யாரும் மறுத்ததாகப் பதிவில்லை. ஷேக்கிள்டனிடமிருந்து செய்தி வர வழியே இல்லை. அவர் வருகிறார் என்று வைத்துக்கொண்டால், போகாமல் இருப்பது ஆறு பேரைக் கொல்வதற்குச் சமம். 1915 செப்டம்பர் 1 அன்று இவர்கள் கிளம்பியபோது என்டியூரன்ஸ் ஏழு மாதங்களுக்கு மேலாகப் பனியில் அசையாமல் நின்றது. அந்தப் பயணத்தில் ஷேக்கிள்டன் அதுவரை அன்டார்டிகக் கரையில் கால் வைக்கவே இல்லை.

இரண்டாம் பருவம்

தலைமை விஞ்ஞானி கேப் ஈவான்ஸில் தனியாக இருக்க, மற்ற 9 பேரும் இழுத்தார்கள். வேலைக்கு ஆகும் நாய்கள் நான்குதான் மிஞ்சியிருந்தன: ஆஸ்கர், கான், கன்னர், டவ்சர். முதலில் சுமார் 1,700 கிலோ சரக்கைப் பல நடையாக மின்னா பிளஃபுக்கு அருகே ஒரு தளக் கிடங்குக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். ஒரு சுமையை இழுத்துப் போய் வைத்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பி வந்து அடுத்ததை எடுப்பது. இந்த வேலை டிசம்பர் 28 வரை நீடித்தது. எப்படி இழுப்பது என்பதில் தலைவருக்கும் நாய்ப் பொறுப்பாளருக்கும் இடையே பழைய சண்டை மறுபடி கிளம்பியது. கடைசியில் தலைவர், பாதிரியார், பண்டகப் பொறுப்பாளர் மூவரும் நாய் இல்லாமலே தனியாக இழுப்பது என்றானது.

ஜனவரித் தொடக்கத்தில் 80ஆம் பாகைக்கு அருகே ஒரு கூடாரத்தின் பிரைமஸ் ஸ்டவ் பழுதாகியது. ஸ்டவ் இல்லையென்றால் பனியை உருக்கித் தண்ணீர் குடிக்கக்கூட முடியாது. அந்தக் கூடாரத்தின் மூவரையும் திருப்பி அனுப்பினார்கள். சரியான முடிவு. ஆனால் ஒரு வாய்ப்பு அங்கே தவறியது என்று நினைக்கிறேன். மிகவும் தளர்ந்தவர் யார் என்று பார்த்துத் திருப்பி அனுப்பவில்லை. யாருடைய ஸ்டவ் பழுதோ அவர்கள் திரும்பினார்கள். மற்ற ஆறு பேரும் தெற்கே போனார்கள்.

ஜனவரி 22 அன்று, 83ஆம் பாகைக்கு அருகே, பாதிரியார் இனி நடக்க முடியாது என்று விழுந்தார். ஸ்கர்வியில் கால்கள் வீங்கிக் கறுத்திருந்தன. அவரை ஒரு கூடாரத்தில் உணவோடு தனியாக விட்டுவிட்டு ஐவர் மேலே போனார்கள். 26ஆம் தேதி மவுண்ட் ஹோப்பில் கடைசிக் கிடங்கை வைத்தார்கள். 29ஆம் தேதி அவர்கள் திரும்பி வரும் வரை பாதிரியார் அந்த வெள்ளைச் சமவெளியில் தனியாகக் கிடந்தார். அன்று அவரை வண்டியில் ஏற்றினார்கள். அப்புறம் 40 நாள் அவர் இறங்கவே இல்லை.

1916 பிப்ரவரி

திரும்பும் வழியில் தலைவரும் நடக்க முடியாத நிலைக்கு வந்தார். பிப்ரவரி 18 அன்று தளக் கிடங்குக்கு இன்னும் சில மைல் இருக்கும்போது பனிப்புயல் பிடித்தது. கூடாரத்துக்கு வெளியே கை நீட்டினால் கை தெரியாது. ஒருநாள், இரண்டு நாள் என்று காத்திருந்தார்கள், புயல் விடவில்லை. உணவு தீர்ந்துகொண்டே வந்தது. எண்ணெயும் அப்படித்தான்.

இந்த இடத்தில் நாய்ப் பொறுப்பாளரும் இளம் இயற்பியலாளரும் ஸ்காட்டை நினைத்துக்கொண்டார்கள். 1912 மார்ச்சில் இதே பனித்தட்டில், அடுத்த கிடங்குக்கு 11 மைல் இருக்கும்போது, ஸ்காட்டும் இரு தோழர்களும் புயல் ஓயட்டும் என்று கூடாரத்தில் காத்திருந்து இறந்தார்கள். காத்திருந்தால் நமக்கும் அதே முடிவுதான் என்று இருவரும் கணித்தார்கள். 23ஆம் தேதி, புயல் ஓயாமலே, இவர்கள் இருவரும் இன்னொரு தோழரும் நான்கு நாய்களோடு கிளம்பினார்கள். நோயாளிகள் இருவரையும் பார்த்துக்கொள்ள பண்டகப் பொறுப்பாளர் தங்கினார்.

நான்கு நாய்களும் பல நாள் பட்டினி. அவை படுத்துவிட்டால் கதை முடிந்தது என்று மூவருக்கும் தெரியும். வழக்கமாகச் சோம்பல் பிடித்த நாய் என்று பெயரெடுத்திருந்த ஆஸ்கர், அந்த நாட்களில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு முன்னைவிட அதிகமாக இழுத்தது. அந்த மூவர் உயிரோடு இருந்ததற்கும், கூடாரத்தில் இருந்த மூவர் அன்று பிழைத்ததற்கும் அந்த நாய்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 26ஆம் தேதி கிடங்கைக் கண்டார்கள். 29ஆம் தேதி உணவோடு திரும்பி வந்தார்கள். முந்தின நாள்தான் தலைவர் தன் கடைசிக் கடிதத்தை எழுதி வைத்திருந்தார். அந்த ஆறு நாளும் இரு நோயாளிகளை உயிரோடு வைத்திருந்த பண்டகப் பொறுப்பாளரைப் பற்றி வரலாற்று நூல்களில் ஓரிரு வரிதான் கிடைக்கிறது.

அதற்குப் பின் மூன்றாவது தோழரும் ஸ்கர்வியில் தளர்ந்தார். இழுக்கத் தெம்புள்ளவர் மூன்று பேர், இழுக்கப்பட வேண்டியவர் மூன்று பேர். மார்ச் 8 அன்று தலைவர் தானே முன்வந்து, தன்னைக் கூடாரத்தில் விட்டுவிட்டுப் பாதிரியாரை முதலில் கொண்டுபோகச் சொன்னார். மறுநாள் காலை பாதிரியார் இறந்தார். ஹட் பாயின்ட் இரண்டு நாள் தூரத்தில் இருந்தது. பனியில் புதைத்துவிட்டு நடந்தார்கள். 11ஆம் தேதி குடிசைக்கு வந்து, உடனே திரும்பிப் போய்த் தலைவரை இழுத்து வந்தார்கள். 18ஆம் தேதி ஐவரும் கூரைக்கு அடியில் இருந்தார்கள்.

மே 8

சீல் இறைச்சியால் சில வாரங்களில் எல்லோரும் எழுந்து நடமாடினார்கள். கேப் ஈவான்ஸ் போக வேண்டும், நடுவே கடல் இப்போதுதான் உறைந்துகொண்டிருந்தது. மே 8 அன்று தலைவரும் மூன்றாவது தோழரும் நடந்தே போவதாக முடிவெடுத்தார்கள். பனி மெல்லியது, போக வேண்டாம் என்று மற்ற மூவரும் தடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் புயல் வந்தது. பின்னர் தேடிப் போனவர்கள் கண்டது, பனி உடைந்த விளிம்பு வரை போய் நின்ற காலடித் தடங்களை.

ஏன் போனார்கள் என்பதற்குப் பதிவான விளக்கம் எதுவும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. கொழுப்புப் புகை, இருட்டு, கேப் ஈவான்ஸில் இருந்தவர்களின் நிலை தெரியாத கவலை எல்லாம் சேர்ந்திருக்கலாம். அத்தனை மாதம் இழுபட்டுத் தேறிய உடம்பும் மனமும் எந்த முடிவையும் சரியாக எடைபோடும் நிலையில் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். மற்ற மூவரும் பனி நன்றாக இறுகட்டும் என்று ஜூலை 15 வரை பொறுத்துப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

மீட்பும் அதற்குப் பிறகும்

போர்ட் சால்மர்ஸ் வந்த அரோராவைச் சரிசெய்து திருப்பி அனுப்ப ஷேக்கிள்டனிடம் பணம் இல்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அரசுகள் செலவை ஏற்றன. கப்பலின் தலைமையை ஷேக்கிள்டனுக்குக் கொடுக்க மறுத்தன. 1917 ஜனவரி 10 அன்று கப்பல் கேப் ஈவான்ஸை அடைந்தபோது அவர் அதில் ஒரு பயணியாகத்தான் இருந்தார். எஞ்சிய 7 பேருக்கும் அவர் கண்டத்தைக் கடக்கவே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

இறந்த மூவருக்காகத் தீவில் ஒரு சிலுவை நட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வெளியே உலகப்போர். இவர்களைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரமில்லை. பண்டகப் பொறுப்பாளர் கடற்படைக்குத் திரும்பி 1918இல் மால்டாவில் டைபாய்டில் இறந்தார். தோழர்களைக் காப்பாற்றியதற்காக 1923இல் நான்கு பேருக்கு ஆல்பர்ட் பதக்கம் அறிவித்தபோது அவர்களில் இருவர் உயிரோடு இல்லை. 2013இல் கேப் ஈவான்ஸ் குடிசையைப் பராமரிக்கும் நியூசிலாந்து அமைப்பு, பனியில் உறைந்து கிடந்த 22 புகைப்பட நெகட்டிவ்களை வெளியிட்டது. இக்குழுவின் முகங்களைப் பலர் முதன்முறை பார்த்தது அப்போதுதான்.

என்ன மாறியிருக்க வேண்டும்

எல்லாவற்றுக்கும் முதலில், முன்னணிக் குழுவின் திட்டம் மாறினால் அந்தத் தகவல் ஆதரவுக் குழுவுக்குப் போகாமல் முன்னணிக் குழு கிளம்பக் கூடாது. அந்த ஒரு செய்தி போயிருந்தால் முதல் பருவத்தில் அவசரம் இல்லை. நாய்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கும். நாய்கள் இருந்திருந்தால் இரண்டாம் பருவத்தில் மனிதர்கள் அவ்வளவு மாதம் பனித்தட்டில் இருந்திருக்க வேண்டாம், ஸ்கர்வி முற்றியிருக்காது. மூன்று சாவுகளுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. செய்தித் தொடர்பு சாத்தியமில்லாத இடங்களில், எந்தத் தேதிக்குப் பிறகு, எந்த நிலையில் வேலையை நிறுத்தலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இவர்களுக்கு நிறுத்தும் உரிமையை யாரும் கொடுக்கவில்லை. அதனால் நிறுத்துவது துரோகம் என்றே அவர்களுக்குப் பட்டது.

கப்பலிலிருந்து சரக்கை இறக்கும் வரிசையும் மாற வேண்டும். கரையில் தங்குபவர்களின் துணி, உணவு, எரிபொருள் முதலில் இறங்கட்டும். மற்றவர்களுக்கான சரக்கு அதன் பிறகு.

யார் எதற்குத் தலைவர் என்பதில் ஷேக்கிள்டன் வைத்த தெளிவின்மை நாய்களின் உயிரை வாங்கியது, குழுவையும் பிளந்தது. நாய்களைப் பற்றிய முடிவு நாய்களை அறிந்தவரிடம் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம் மீட்புக்கான பணம். முன்னணிக் குழுவின் செலவைத் திட்டமிடும் நாளிலேயே ஆதரவுக் குழுவைத் திரும்பக் கூட்டிவரும் செலவையும் தனியாக எடுத்து வைத்து, அதை வேறு எதற்கும் தொடாமல் இருக்க வேண்டும். அந்தப் பணம் இருந்திருந்தால் அரோரா கரை சேர்ந்த ஏப்ரலிலேயே மீட்பு வேலை தொடங்கியிருக்கும். அரசுகளின் பேச்சுவார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டி வந்திருக்காது.